கோடு போட்ட பெயர்

"அது காசுக்காரப் பிள்ளைங்க படிக்கிற காலேஜ்ண்ணே, வேணாம்."

இன்று தங்கச்சிமடத்தில், பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தங்கச்சி சொன்னது. அந்தப் பெயர் மேல் நோட்டுத் தாள் கிழிகிற அளவுக்குக் கோடு.

மதிப்பெண் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். 2021 முதல் அப்படித்தான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"கார்ல வந்து இறங்குறவங்க கூட எப்படிண்ணே உக்கார்றது?"

அப்பா விசைப்படகில் கூலி.

அமெரிக்காவில் 2017இல் வந்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கே 38 கல்லூரிகளில், வருமானத்தில் கீழே உள்ள 60 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகளைவிட உச்சியில் உள்ள 1 சதவீதத்தினரின் பிள்ளைகளே அதிகமாக இருந்தார்கள். அந்த 38இல் யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஏழைப் பிள்ளைக்கு இந்த இரண்டிலும் கிட்டத்தட்ட இலவசம்தான். அப்படியும் இந்த நிலை! கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்தால் போதாது போல.

நம் கரையிலிருந்து போய் அப்படிப்பட்ட கல்லூரிகளில் படிக்கும் அக்காமார் இதைப் பார்த்தால், அவளிடம் ஒரு பத்து நிமிடம் பேசுங்கள். விடுதி, மெஸ், வகுப்பில் இங்கிலீஷ், எல்லாம் கேட்கணுமாம். உள்பெட்டிக்கு வாங்க.