பிள்ளைகளோடு ஜூன்

மே 31, சனி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. நான்கு வாரம். பெரியவன் நாட்காட்டியில் ஜூன் 30ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் 'பள்ளி' என்று எழுதியிருக்கிறான். அந்த வட்டத்தைத் தாண்டாமல் சமையலறைக்குள் போக முடியாது.

ஜூன் 1, ஞாயிறு

மெயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யார் அனுப்புவார்கள்? ஆனாலும் பார்த்தேன்.

ஜூன் 2, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். இந்த மாதம் ஒரு நாள்கூட முழு நாளும் வீட்டுக்குள் இருக்கப்போவதில்லை. டிக்கெட் வாங்கிப் போகிற இடம் எதுவும் வேண்டாம். காடு, கடற்கரை, பூங்கா, ஆறு. இந்தச் சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு நல்லது என்று நான் நினைக்கிற எல்லாமே இலவசமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருடம் சனி ஞாயிறுகளைப் பேரங்காடியின் குளிரில் கழித்துவிட்டு இப்போது அவசரப்படுகிறோம் என்று இவர் சொன்னார். அவசரம்தான். அதனால் என்ன?

இன்று கீழே விளையாட்டுத் திடல் வரை போனோம். மூன்று மணிக்கு இடி.

ஜூன் 3, செவ்வாய்

பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம். நேற்று திங்கள் என்பதால் மூடியிருந்தது. பிள்ளைகள் கூட வராமல் பெரியவர்கள் உள்ளே போக முடியாது என்று தெரிந்ததும் சின்னவளுக்கு ஒரே பெருமை. எங்கள் இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வாசலில் இருந்த அம்மாவிடம், "இவங்க ரெண்டு பேரும் என்கூட வந்திருக்காங்க" என்றாள்.

மரவீடு, தொங்குபாலம். பாலத்தின் நடுவில் பெரியவன் நின்றுவிட்டான். அவனுக்கு உயரம் பயம், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டான். கீழே எறும்பு போகிறது, அதைப் பார்க்கிறேன் என்றான். பின்னால் நின்ற பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவசரப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எறும்பைப் பார்த்து முடித்துவிட்டு அவனாகவே நடந்தான்.

ஜூன் 5, வியாழன்

வீட்டுக்காரம்மா யாரையோ கூட்டிவந்து வீட்டைக் காட்டப்போவதாக மெசேஜ். பத்து மணிக்கு. பிள்ளைகளை எட்டரைக்கே பிஷான் பூங்காவுக்குக் கூட்டிப்போய்விட்டேன்.

ஒரு காலத்தில் இங்கே ஓடியது சிமெண்ட் கால்வாய். அதை உடைத்து, கல்லும் புல்லும் வளைவுமாக ஆற்றைத் திரும்ப ஓடவிட்டு, 2012ல் திறந்தார்கள். 2.7 கிலோமீட்டர் கால்வாய் 3.2 கிலோமீட்டர் ஆறாயிற்று. நேராக ஓடினதை வளைய விட்டால் நீளம் கூடத்தானே செய்யும்! பெரியவனுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குச்சியால் மண்ணில் இரண்டு கோடும் போட்டு எனக்கே விளக்கினான்.

சின்னவளுக்கு ஆறு வேண்டாம், நீர்நாய் வேண்டும். பாலர் பள்ளியில் படம் காட்டியிருக்கிறார்கள். கரையோரப் பாறை ஒன்றில் எச்சம் மட்டும் கிடந்தது. மீன் முள்ளும் செதிலும் வெயிலில் மினுமினுத்தன, கருவாட்டு வாடை. அவள் குனிந்து மூக்கைப் பொத்திக்கொண்டே, "அப்போ இங்கதான் சாப்பிட்டிருக்கு" என்றாள். பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தோம். வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் குளியலறை வரைக்கும் செருப்புத் தடம்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா, தட்டு நிறையக் குவே பலகாரம் கொடுத்தனுப்பினார். தட்டைச் சும்மா திருப்பித் தரக் கூடாது என்று கேசரி கிண்டினேன். சின்னவள்தான் கொண்டுபோனாள்.

ஜூன் 8, ஞாயிறு

புலாவ் உபின் தீவு. சாங்கி பாயிண்ட் துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு எடுப்பார்கள். ஆளுக்கு 4 சிங்கப்பூர் வெள்ளி. பத்தே நிமிடத்தில் வேறு உலகம். கோழி கூவுகிறது, மண் பாதை, அடுக்குமாடி வீடே கிடையாது. சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். சின்னவள் இவருக்குப் பின்னால் இருக்கையில்.

கல் குவாரியில் தண்ணீர் நிறைந்து ஏரியாக நிற்கிறது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற இவர் திடீரென்று பேச ஆரம்பித்தார். இங்கே வெட்டின கருங்கல்தான் பெட்ரா பிராங்கா என்கிற பாறைத்தீவில் ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கமாக நிற்கிறதாம். 1851லிருந்து அலையடித்தும் அசையவில்லையாம். 1924ல் திறந்த ஜொகூர் கடற்பாலத்துக்கும் இங்கிருந்துதான் கல் போயிற்றாம். கூலிக்காரர்கள் எப்படிப் பிளந்திருப்பார்கள், எப்படிப் படகில் ஏற்றியிருப்பார்கள் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். பெரியவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு பாதையைக் கடந்தது. குட்டிகளின் முதுகில் வரிவரியாகக் கோடு. சைக்கிளை நிறுத்தி, அசையாமல், எதுவும் போடாமல், சத்தமில்லாமல் நின்றோம். சாப்பாட்டுப் பையை மட்டும் நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

இல்லை.

ஜூன் 13, வெள்ளி

இதை விரிவாக எழுதவேண்டும்.

வருடத்தின் நடுவில் கடல் நன்றாக உள்வாங்குவது விடியும் முன்பு. டிசம்பர் பக்கம் போனால் அது மாலையில் வரும். பௌர்ணமியோ அமாவாசையோ கழிந்த இரண்டு மூன்று நாளில் இன்னும் ஆழமாக இறங்கும். எதிர்வீட்டு அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கடல் அட்டவணை அவருக்கு அத்துப்படி. "அரை மீட்டருக்குக் கீழே இறங்கினாத்தான் போகணும்மா, இல்லன்னா மணலைத்தான் பார்த்துட்டு வரணும்" என்றார். அவர் காரில் எல்லோரும் சாங்கிக் கடற்கரைக்குப் போனோம். நல்ல இருட்டு. பிள்ளைகளுக்கு மூடின காலணி. கல்மீனும் திருக்கையும் மணலோடு மணலாகக் கிடக்கும், வெறுங்கால் கூடவே கூடாது.

டார்ச் வெளிச்சத்தில் தரை முழுக்க உயிர். கடற்புல்லின் நடுவே ஒரு தட்டு அகலத்துக்குக் கடல் சாமந்தி. சங்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் நண்டுகள். அப்புறம் மணல் நட்சத்திரமீன் ஒன்று, சின்னவளின் உள்ளங்கை அளவு, மணல் நிறமே. முதலில் செத்துக்கிடக்கிறது என்றுதான் நினைத்தோம். அக்கா தண்ணீர் நின்ற குழிப்பக்கம் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். ஒவ்வொரு கரத்தின் ஓரத்திலும் நூல் நூலாகக் கால்கள் வெளியே வந்து மணலைத் துழாவின. மேலே பார்த்தால் அசைவே தெரியவில்லை, ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மணலை ஒதுக்கி உள்ளே இறங்கியது. நடுவில் ஒரு வட்டம், அப்புறம் ஐந்து கோட்டின் தடம், அப்புறம் அதுவும் இல்லை. இருவரும் குந்தின இடத்திலிருந்து அசையவே இல்லை. எட்டு வயதுக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றைப் பார்ப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு குடும்பம் வாளியோடு வந்திருந்தது. நண்டு, நத்தை, நட்சத்திரம் எல்லாம் ஒரே வாளியில். நான் போய்ப் பேசினேன். அந்த அப்பா கோபப்படவில்லை, பிள்ளை ஆசைப்படுகிறான் என்றார். ஆசைப்படட்டும், பார்க்கட்டும், தொடக்கூடத் தொடட்டும். ஆனால் வெயில் ஏறினால் அந்த வாளித் தண்ணீர் சுடும், காற்றும் தீர்ந்துபோகும், வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி செத்துவிடும். விடுமுறை என்றால் நூற்றுக்கணக்கான பேர் இங்கே வருகிறார்கள். ஆளுக்கு ஒரு வாளி என்றால் இந்தக் கரை எத்தனை நாள் தாங்கும்? ஒரு பிள்ளைக்குக் கடலைக் காட்டுவது என்பது கடல் இருக்கும் இடத்தில் காட்டுவதுதான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாளியைக் கவிழ்த்தார்கள். அந்தப் பையன் அழுதான். அவனைக் கூப்பிட்டு எங்கள் குழியைக் காட்டினோம்.

ஏழு மணிக்கு வெளுத்தது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் திரும்பினோம். காப்பிக் கடையில் பரோட்டா. பெரியவன் கேட்டான், "டிசம்பர்ல சாயங்காலம் வரலாம்தானே?"

வரலாம் என்றேன்.

ஜூன் 14, சனி

விடிகாலையில் சுமத்ரா காற்று. சன்னலெல்லாம் அடித்துக்கொண்டது. கொடியில் கிடந்த துணி போயே போயிற்று. ஒன்பது மணிக்கு ஒன்றுமே நடக்காதது மாதிரி வெயில்.

ஜூன் 15, ஞாயிறு

அவனிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைக்கவில்லை. வரத்தான் போகிறோம்.

ஜூன் 17, செவ்வாய்

செம்பவாங் வெந்நீர் ஊற்று. முட்டை, மூடி போட்ட டப்பா, உப்பு, மிளகுத்தூள், கரண்டி. ஊற்றிலிருந்து வரும்போது நீர் 70 டிகிரி. குழாயில் பிடித்து, முட்டையைப் போட்டு, மூடி வைத்து, தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அரைமணிக்கு மேல் ஆயிற்று. அது வரைக்கும் கால் நனைக்கும் தொட்டியில் தாத்தா பாட்டிகளோடு உட்கார்ந்திருந்தோம். பக்கத்திலிருந்த சீனத் தாத்தா ஒருவர் சின்னவளுக்கு முதலில் குதிகாலை மட்டும் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். மொழி எதுவும் தேவைப்படவில்லை.

முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு கெட்டி, வெள்ளை தளதள. வீட்டில் செய்யும் அரைவேக்காட்டுக்கு நேர்மாறு. பெரியவன் ஏன் ஏன் என்று பிடித்துக்கொண்டான். மஞ்சள் கருவுக்குக் குறைந்த சூடு போதும், வெள்ளை முழுக்க இறுகவேண்டுமானால் 80 டிகிரியாவது வேண்டும், இந்தத் தண்ணீர் அவ்வளவு போகாது என்று இவர் சொன்னார். இரண்டு பேரும் கரண்டியைப் போட்டுச் சண்டை பிடித்துத் தின்றார்கள். வீட்டில் முட்டை என்றாலே முகத்தைத் திருப்புகிறவள் சின்னவள்.

வரும் வழியில் நீர்நாய்க்கு வெந்நீர் பிடிக்குமா என்று கேட்டாள்.

ஜூன் 18, புதன்

தூக்கம் இல்லை. இரண்டு மணி.

எப்போது சொல்வது? தெரிந்த பிறகு சொல்லலாம் என்கிறார் இவர். தெரிவதற்கு முன்னால் சொல்லி என்ன ஆகப்போகிறது, இருக்கிற நாளும் கெடும் என்கிறார். சரிதான். ஆனால் பெரியவனுக்கு எதுவோ தெரிந்திருக்கிறது. அன்றைக்கு வந்தவர்கள் யார், எதற்கு அலமாரியைத் திறந்து பார்த்தார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? மக்சிக் வீட்டுப் பையன் சொன்னானோ? தமிழ் வகுப்புப் பயிற்சித்தாளை மட்டும் இன்னும் தொடாமல் வைத்திருக்கிறான். முன்னெல்லாம் முதல் வாரத்திலேயே முடித்துவிடுவான். அவன் தொடக்கநிலை இரண்டு. இங்கே பாதியில் விட்டால் அங்கே எந்த வகுப்பில் போடுவார்கள்? அம்மாவிடம் கேட்கலாம் என்றால், கேட்ட நிமிடமே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கும்பகோணத்தில் எந்தப் பள்ளி? சேர்க்கை முடிந்திருக்கும். சின்னவளுக்கு அங்கே கொசு ஒத்துக்கொள்ளாது, போன தடவை கால் முழுக்கத் தடிப்பு. இங்கேயும் ஜூன் முதல் அக்டோபர் வரை டெங்கிக் காலம்தான், தினமும் பூசித்தானே விடுகிறேன். இது ஒரு காரணமா? எதையெல்லாம் நினைக்கிறேன்.

காவிரியில் நீர்நாய் இருக்கிறது. இங்கே ஓடுகிற அதே இனம்தான், மிருதுவான ரோமம் உள்ளது. சின்னவளுக்கு இதைச் சொல்லலாம்.

ஜூன் 19, வியாழன்

அக்கா வீட்டாரோடு பெரியவன் மட்டும் மரினாப் பக்கம் போனான். இரவு பல் துலக்கும்போது என் காதில் சொன்னான். "அம்மா, நீர்நாய் பார்த்தேன். ஏழு. மீனைத் தலையிலிருந்து கடிச்சுச் சாப்பிட்டுச்சு. பாப்பாகிட்ட சொல்லிடாதே."

அவள் கட்டிலில் உட்கார்ந்து நீர்நாய்தான் வரைந்துகொண்டிருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

இவருக்கு நேர்காணல். நீலச் சட்டை. நன்றாகப் போயிற்று என்றார். போன முறையும் அப்படித்தான் சொன்னார்.

ஜூன் 21, சனி

மரினா அணைக்கட்டின் புல் கூரையில் பட்டம். நல்ல காற்று. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நகரத்துக்குள் நன்னீர்த் தேக்கம். 2008ல் இந்த அணை வந்த பிறகுதான் இது இப்படி ஆயிற்று. பட்டம் ஏறினதும் இவர் கயிற்றைப் பெரியவனிடம் கொடுத்துவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டார். அப்படியே உறங்கியும் விட்டார். சுற்றிலும் அத்தனை சத்தம். எழுப்பவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நாள் முழுக்க மழை. நனைந்தோம், வேண்டுமென்றே. இடி இல்லாத மழை என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டுதான் விட்டேன். மின்னல் என்றால் இந்த ஊரில் விளையாட்டே கிடையாது, நீச்சல் குளத்தில்கூட உடனே கரையேறச் சொல்லிவிடுவார்கள். தேங்கின தண்ணீரில் சின்னவள் குதித்ததில் எதிர் புளோக் அங்கிளின் வேட்டி போன்ற வெள்ளைக் கால்சட்டை நாசம். அவர் திட்டவே இல்லை. குடையை மடக்கிவிட்டுத் தானும் ஒரு குதி குதித்தார்.

ஜூன் 25, புதன்

மறுபடி பிஷான். ஏழேகாலுக்கே போனோம். பாலத்துக்குக் கீழே படமெடுக்கிற ஒருவர், விடியும்போது எட்டு நீர்நாய் போயிற்று, காலாங் பக்கம் இறங்கிவிட்டன என்றார். சின்னவள் அவரிடம், "அதுங்களுக்கு வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள். ஒரே இடத்தில் இருக்காது, பொந்து பொந்தாக மாற்றிக்கொண்டே போகும் என்றார். "எல்லாரும் சேர்ந்து போகுமா?" சேர்ந்துதான் போகும் என்றார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், எத்தனை மணிக்கு வந்தால் பார்க்கலாம் என்று.

ஜூன் 26, வியாழன்

வீட்டுக்காரம்மாவுக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

மெயில் வந்திருக்கிறது. இவர் இன்னும் பார்க்கவில்லை, பிள்ளைகளைக் குளிக்கவைத்துக்கொண்டிருக்கிறார். நாளை விடிகாலை அக்காவோடு மறுபடி சாங்கி. இரண்டு டார்ச்சும் சார்ஜில் போட்டாயிற்று. சின்னவளின் காலணி போன தடவை நனைந்து பிளந்துவிட்டது, பெரியவனின் பழசு பரணில் இருக்கும், எடுக்கவேண்டும்.