அப்பாவுக்கு வயித்துப் பெரிய ரத்தக்குழாய் வீக்கம்: ஸ்கேன்ல இருந்து ஓப்பன் ஆபரேஷன் வரைக்கும்

எங்கப்பாவுக்கு இப்ப 68 வயசு. கோயமுத்தூர்ல லேத் பட்டறைல வாழ்க்கை பூரா வேலை பாத்தவரு, சிகரெட்டும் அதே அளவுக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி கல்லடைப்பு வலின்னு வயித்து ஸ்கேன் எடுக்கப் போனோம், கல்லும் இருந்துச்சு, ஆனா ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா என்னைத் தனியா கூப்ட்டு "கல்லு தானா போயிடும்மா, இதை மட்டும் விட்டுடாதீங்க"ன்னு ரிப்போர்ட்ல கடைசி வரியைக் காட்டினாங்க. வயித்துக்குள்ள போற அயோர்ட்டா, அதான் இதயத்துல இருந்து கெளம்பற பெரிய ரத்தக்குழாய், 4.7 செ.மீ. வீங்கியிருக்குன்னு போட்டிருந்துச்சு. சாதாரணமா அது 2 செ.மீ. சுமார்தான் இருக்கும், 3-க்கு மேல போனாலே வீக்கம்னு சொல்றாங்க. பழைய சைக்கிள் ட்யூப் ஒரு எடத்துல மட்டும் தேஞ்சு புடைச்சுக்கிட்டு நிக்குமே, அப்படி.

அப்பாவுக்கு அதுனால ஒரு வலியும் இல்ல. அதுதான் இந்த வியாதியோட பயமே, பெரும்பாலும் வெடிக்கற வரைக்கும் எதுவும் தெரியாது, வெடிச்சா பத்துல எட்டு பேர் பொழைக்கறதில்ல, அதுல பல பேர் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர மாட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல, நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடணும்னுதான் நெனச்சேன்.

ஆனா வாஸ்குலர் சர்ஜன், அதாவது ரத்தக்குழாய் ஆபரேஷன் டாக்டர், பாத்துட்டு இப்ப வேண்டாம்னுட்டாரு. ஆம்பளைங்களுக்கு 5.5 செ.மீ., பொம்பளைங்களுக்கு 5 செ.மீ. வரைக்கும் கண்காணிப்புல வெக்கலாமாம், அதுக்குக் கீழ இருக்கறப்ப வெடிக்கற ஆபத்தை விட ஆபரேஷனோட ஆபத்துதான் அதிகமாம். ஆறு மாசத்துல அரை செ.மீ.-க்கு மேல திடீர்னு வளந்தாலோ வலி வந்தாலோ கதை வேற. அதனால ஸ்கேன், ஸ்கேனுக்கு நடுவுல காத்திருப்புன்னு ஓடுச்சு. பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை எழுதினாரு. சிகரெட்டை அன்னிக்கே நிறுத்தச் சொன்னாரு, ஏன்னா வீக்கம் சீக்கிரம் பெருசாகறதுக்கு அது முக்கியக் காரணம். அப்பா ஒரு மாதிரி கோவமா இருந்தாரு ஆனா விட்டுட்டாரு, அந்த ஒரு விஷயத்துக்கு நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இன்னொரு விஷயமும் டாக்டர் சொன்னாரு, இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கை இந்த வீக்கம் இருக்கறவங்க முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கணும். அமெரிக்க மருந்துத் துறை 2018 டிசம்பர்லயே எச்சரிக்கை குடுத்திருக்கு. நம்மூர்ல யூரின் இன்ஃபெக்‌ஷன்னா பல எடத்துல இதைத்தான் எழுதிக் குடுப்பாங்க, அதனால அப்பா ஃபைல் மேலயே செவப்பு மையில எழுதி வெச்சுட்டேன்.

எங்களுக்கு இருந்த பெரிய கவலை அந்தக் கல்லடைப்புதான். அயோர்ட்டா கசிய ஆரம்பிச்சா வர்ற வலியும் முதுகுல, விலாப்பக்கத்துல, அடிவயித்துல வர்ற வலிதான், அனுபவமுள்ள டாக்டருங்களே கல்லடைப்புன்னு நெனச்சு ஏமாந்துடற வியாதி இது. அதனால எப்ப வலி வந்தாலும் பக்கத்துக் கிளினிக்ல ஊசி போட்டுக்கற வேலையே கூடாது, சிடி ஸ்கேனும் வாஸ்குலர் சர்ஜனும் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போயி வாசல்லயே "இவருக்கு அயோர்ட்டா வீக்கம் இருக்குங்க"ன்னு சொல்லணும்னு அம்மா, தம்பி, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாருக்கும் சொல்லி வெச்சோம்.

போன வருஷக் கடைசில 5.6 ஆயிடுச்சு. சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாயை மருந்து விட்டுப் பாக்கற ஸ்கேன், எடுத்தாங்க. நாங்க எல்லாரும் தொடை வழியா ஸ்டென்ட் கிராஃப்ட் (கம்பி வலையோட இருக்கற துணிக் குழாய்) விடற முறைதான்னு மனசுல வெச்சிருந்தோம், ஈவார்னு சொல்றாங்க, வயித்தைக் கிழிக்க வேண்டாம், ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம். டாக்டர் கம்ப்யூட்டர்ல அப்பாவோட ரத்தக்குழாயை முழுசா சுத்திச் சுத்திக் காட்டினாரு. கிட்னிக்குப் போற குழாய் ரெண்டும் பிரியற எடத்துக்குக் கீழ, வீக்கம் தொடங்கறதுக்கு முன்னாடி, கொஞ்சம் நல்ல குழாய் மிச்சம் இருக்கணும், அதைக் கழுத்துன்னு சொல்றாங்க. ஸ்டென்ட் அங்கதான் புடிச்சு நிக்கணும். 10லிருந்து 15 மில்லிமீட்டராவது வேணும், அப்பாவுக்கு 6-தான் இருந்துச்சு, அதுவும் வளைஞ்சு இருந்துச்சு. புடிமானம் இல்லாம விட்டா ஓரத்துல ரத்தம் கசிஞ்சு வீக்கத்துக்குள்ள மறுபடி அழுத்தம் ஏறும். கிட்னிக் குழாய்க்கு ஓட்டை விட்டு ஆளுக்குத் தகுந்த மாதிரி செஞ்சு வாங்கற ஸ்டென்ட் இருக்கு, ஆனா வர்றதுக்கு நாளாகும், விலை எங்களால தாங்க முடியாது.

இன்னொரு ஆஸ்பத்திரில கேட்டப்ப "அதெல்லாம் போட்டுடலாம்"னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டாங்க. கழுத்து எவ்வளவு நீளம்னு கேட்டதுக்குப் பதில் வரல. அங்கிருந்து எந்திரிச்சு வந்துட்டோம்.

கடைசில வயித்தைத் தொறந்து பண்ற ஓப்பன் ஆபரேஷன்தான் வழின்னு ஆச்சு. ஓப்பன்னா பழைய முறையாச்சேன்னு அம்மா அழுதாங்க. எங்க டாக்டர் பொறுமையா சொன்னாரு: 1951-ல பாரிஸ்ல சார்ல்ஸ் டூபோ முதன்முதல்ல வீங்கின பகுதியை எடுத்துட்டு இறந்தவரோட ரத்தக்குழாயை வெச்சுத் தெச்சாரு, அப்புறம்தான் டேக்ரான் துணிக் குழாய் வந்துச்சு, இத்தனை வருஷமா கைப்பழக்கம் உள்ள ஆபரேஷன். இங்கிலாந்துல நடந்த ஈவார்-1 ஆய்வுல முதல் 30 நாள்ல இறந்தவங்க ஓப்பன்ல 4.7 சதவீதம், ஸ்டென்ட்ல 1.7 சதவீதம், ஆனா வருஷம் போகப்போக அந்த வித்தியாசம் இல்லாமப் போச்சு, ஸ்டென்ட் வெச்சவங்களுக்குத்தான் திரும்பத் திரும்ப ஏதாவது செய்ய வேண்டி வந்துச்சு. முதல்ல இருக்கற ஆபத்தை அவரு மறைக்கல. அப்பா "கிழிச்சே பண்ணிடுங்க டாக்டர்"னாரு.

இதயத்துக்கு எக்கோ, நுரையீரல் டெஸ்ட், கிட்னிக்கு கிரியாட்டினின் எல்லாம் பாத்தாங்க, ரத்தம் குடுக்க அப்பாவோட பட்டறை ஆளுங்க வரிசையா வந்து நின்னாங்க. ஆபரேஷன் காலைல ஆரம்பிச்சு சாயங்காலம் ஆயிடுச்சு. அயோர்ட்டாவுல கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்தி வெச்சுட்டுத்தான் அந்தத் துணிக் குழாயைத் தெப்பாங்க, அந்த நேரம் காலுக்கு ரத்தம் போகாது. அதனால ஐசியுல நான் முதல்ல பாத்தது அப்பாவோட பாதத்தைத்தான், ரெண்டு பாதத்துலயும் பேனாவால ஒரு பெருக்கல் குறி போட்டிருந்துச்சு, சிஸ்டர் அப்பப்ப வந்து டாப்ளர் கருவியை அங்க வெச்சு துடிப்புச் சத்தம் கேக்குதான்னு பாத்துட்டுப் போவாங்க. அந்த உஷ் உஷ் சத்தம் எனக்கும் கேட்டப்புறம்தான் வெளில வந்து உக்காந்தேன்.

வார்டுக்கு வந்ததும் பாடு வேற மாதிரி. வயித்துல மேலிருந்து கீழ வரைக்கும் தையல், இருமினா உயிர் போகும், ஆனா இருமியே ஆகணும், சளி தங்கினா நிமோனியா. சிகரெட் குடிச்ச நெஞ்சு வேற. தலகாணியை வயித்தோட இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருமச் சொன்னாங்க, மூணு பந்து இருக்கற ஸ்பைரோமீட்டரை மணிக்கு ஒருதரம் இழுக்கச் சொன்னாங்க, அப்பா ஒரு பந்தைத் தூக்கறதுக்குள்ள வேர்த்துக் கொட்டிடும், "போதும் அம்மணி"ன்னு கெஞ்சுவாரு, நான் விடல. டாக்டர் ரவுண்ட்ஸ்ல தினமும் கேக்கற முதல் கேள்வி "காத்து பிரிஞ்சுதா?"தான். குடலை ஒதுக்கி வெச்சு பண்றதால அது மறுபடி வேலை செய்ய நாளாகும், காத்து பிரியற வரைக்கும் வாய் வழியா சாப்பாடு கெடையாது. ஒரு நாள் விடியக்காலைல அப்பா என்னை எழுப்பி அந்தச் சேதியைச் சொன்னப்ப அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன், அன்னிக்குத்தான் கஞ்சித் தண்ணி குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்தும் பசியே இல்ல, மெலிஞ்சு பாதியாயிட்டாரு, எதுக்கெடுத்தாலும் கண்ல தண்ணி. இது சகஜம், பழைய தெம்பு வர மூணு மாசமாவது ஆகும்னு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தா நாங்க இவ்வளவு பயந்திருக்க மாட்டோம். வெயிட் தூக்கக்கூடாது, தூக்கினா தையல் போட்ட எடத்துல குடலிறக்கம் வரலாம். இப்ப காலைல ரேஸ்கோர்ஸ்ல நடக்கறாரு.

கூடப் பொறந்தவங்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம்னு டாக்டர் சொன்னதால பெரியப்பாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போனேன். சாதாரண வயித்து ஸ்கேன்தான், வலியில்ல, ஊசியில்ல, அயோர்ட்டாவை அளந்து எழுதுங்கன்னு மட்டும் சொல்லிக் கேக்கணும். அவருக்கு 3.4 வந்திருக்கு. மூணு வருஷத்துக்குள்ள மறுபடி பாத்தா போதும்னு சொல்லியிருக்காங்க, பீடியை விட்டாத்தான்.