அம்மாவின் கைநாட்டு

"நீங்க மகன்தானே? நீங்களே போட்டுடுங்க" என்று ஒப்புதல் படிவத்தை என் பக்கம் தள்ளினார் அந்த ஊழியர். அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. புது மாத்திரை ஒன்றின் ஆய்வில் சேர்கிறாரா என்று மருத்துவமனையில் கேட்டிருந்தார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் என் கையெழுத்தே போதுமாம்.

எனக்கு அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டம்தான் ஞாபகம் வந்தது. 2009-ல் அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியின் ஆய்வில் விடுதிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்களே கையெழுத்துப் போட்டார்கள். சில சிறுமிகள் இறந்துபோனதும் 2010-ல் ஆய்வு நிறுத்தப்பட்டது. சாவுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. பெற்றவர்களைக் கேட்கவே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அம்மா நல்ல நினைவோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "அவங்க உடம்பு, அவங்கதான் சொல்லணும். படிக்கத் தெரியாதவங்கன்னா முழுக்கக் கூட இருந்து கேட்கிற சாட்சி வேணும்னு மருந்து ஆய்வுக்கான 2019 விதியிலேயே இருக்கே" என்றேன். ஊழியர் முகம் சுளித்தாலும், தமிழில் அச்சடித்த தகவல் தாளைக் கொடுத்தார். அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம் என்று வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டோம்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, "எனக்கு எந்த மாத்திரை தர்றாங்கன்னு டாக்டருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். அவருக்கும் தெரியாது, பழைய மாத்திரையா புதுசா என்பது ஆய்வு முடிந்த பிறகுதான் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நடுவுல வேண்டாம்னா?" விலகிக்கொள்ளலாம், வழக்கமான வைத்தியம் நிற்காது என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் போனோம். ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை சாட்சியாக வந்தார். இந்த முறை மருத்துவரே அரைமணி நேரம் விளக்கினார். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியச் செலவு யாருடையது என்று ஆசிரியை கேட்டார். எனக்குத் தோன்றாத கேள்வி. ஆய்வு நடத்துபவர்களுடையது என்று மருத்துவர் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

அம்மா மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி ரேகை வைத்தார். கீழே ஆசிரியை கையெழுத்திட்டார். மருத்துவரும் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "எனக்கொரு காப்பி குடுங்க" என்று அம்மாவே கேட்டு வாங்கினார். அது இப்போது ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது.