எந்தத் தடைக்கு எந்த வோல்ட்?

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு, இயற்பியல் தாள். 12 வோல்ட் பேட்டரி, அதோடு தொடரிணைப்பில் (ஒரே வரிசையில்) ஒரு 2 ஓம் தடை, அதற்கு அப்புறம் 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் (இரண்டு தனிக் கிளைகளாக). ஒவ்வொன்றிலும் பாயும் மின்னோட்டம் என்ன, திறன் என்ன என்று கேள்வி. மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டேன். 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர், ஆகவே 24 வாட். அதே மாதிரி 3 ஓமுக்கு 48 வாட். பென்சிலால் கட்டம்கூடக் கட்டினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்தக் கட்டத்துக்கு மேலேயே சிவப்புக் கோடு.

சூத்திரத்தில் தப்பில்லை. 12 வோல்ட் என்பது பேட்டரியுடையது, அந்த 6 ஓமுடையது இல்லை. ஒரு தடையின் ஆர் (மின்தடை), பேட்டரியின் வி (வோல்ட்), இரண்டையும் சேர்த்து ஓம் விதியில் (வி = ஐ பெருக்கல் ஆர், ஐ என்பது மின்னோட்டம்) போட்டிருக்கிறேன். இந்தப் பாடத்தில் சூத்திரம் தெரியாமல் மார்க் விட்டவர்களைவிட இப்படி விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரியான வழி இது. 6-ம் 3-ம் பக்க இணைப்பில் சேர்ந்தால் 2 ஓம். முன்னால் இருக்கும் 2 ஓமையும் கூட்டினால் தொகுபயன் மின்தடை, அதாவது மொத்தத் தடை, 4 ஓம். 12 வோல்ட்டை இந்த 4 ஓமால் வகுக்கலாம், ஏனென்றால் இரண்டுமே மொத்தச் சுற்றுக்கானவை. மின்னோட்டம் 3 ஆம்பியர். இனி படத்துக்குத் திரும்ப வேண்டும். முதல் 2 ஓமில் 3 ஆம்பியர் பாய்வதால் அதன் குறுக்கே 6 வோல்ட். மிச்சம் 6 வோல்ட்தான் பக்க இணைப்புக்கு. ஆக 6 ஓமில் 1 ஆம்பியர், 3 ஓமில் 2 ஆம்பியர். திறன் வரிசையாக 18, 6, 12 வாட்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. படத்தில் ஒவ்வொரு தடைக்குப் பக்கத்திலும் வி, ஐ, ஆர் என்று மூன்று சின்னக் கோடு போட்டுவிடுவேன். இரண்டு கோடு நிரம்பாமல் அந்தத் தடைக்குக் கணக்கே போடுவதில்லை. கடைசியில் திறன்களைக் கூட்டிப் பார்ப்பேன். 18, 6, 12 சேர்ந்தால் 36. பேட்டரி தருவது 12 பெருக்கல் 3, அதுவும் 36. அரையாண்டில் நான் எழுதியபடி கூட்டினால் இரண்டு தடைகளுக்கே 72 வாட்! கூட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது.

திறனுக்கு மூன்று சூத்திரம் (வி ஐ, ஐ ஸ்கொயர் ஆர், வி ஸ்கொயர் பை ஆர்) இருப்பதில் எதை எடுப்பது என்ற குழப்பமும் எனக்கு இருந்தது. எதை எடுத்தாலும் விடை ஒன்றுதான், ஆனால் ஒப்பிடச் சொன்னால் பொதுவாக இருப்பதைப் பிடிக்க வேண்டும். தொடரிணைப்பில் மின்னோட்டம் பொது, அங்கே ஐ ஸ்கொயர் ஆர். பக்க இணைப்பில் வோல்ட் பொது, அங்கே வி ஸ்கொயர் பை ஆர். 220 வோல்ட்டுக்கான 60 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடராக இணைத்து அதே 220 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 100 வாட் என்றோம். பல்பில் அச்சடித்த வாட், 220 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் மட்டும்தான். 60 வாட் பல்பின் தடை சுமார் 807 ஓம், 100 வாட் பல்புக்கு 484 ஓம். இந்தத் தடைகள் மாறாது என்று வைத்துக்கொண்டால், தொடரில் 60 வாட் பல்புக்கு சுமார் 23 வாட் கிடைக்கும், மற்றதற்கு 14தான். (சூடு குறைந்தால் இழையின் தடையும் குறையும், நிஜத்தில் எண்கள் கொஞ்சம் மாறும். பரீட்சையில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.)

கிர்க்காஃப் கணக்கில், அதாவது பல கிளைகள் உள்ள சுற்றுக்குச் சமன்பாடுகள் எழுதிப் போடும் கணக்கில், மின்னோட்டம் மைனஸில் வந்தால் அழித்துவிடாதீர்கள். நான் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டு, பத்து நிமிடம் போனதுதான் மிச்சம். நாம் படத்தில் போட்ட அம்புக்குறி எதிர்ப்பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். எண் சரியாகவே இருக்கும். அந்த மைனஸோடு அடுத்த சமன்பாட்டுக்குப் போங்கள், கடைசி வரியில் திசையைச் சொன்னால் போதும்.

கிலோ ஓம் வந்தால் சுழியங்களை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் நேராக மில்லி ஆம்பியர். வோல்ட்டையும் மில்லி ஆம்பியரையும் பெருக்கினால் மில்லி வாட். கால்குலேட்டர் இல்லாமல் மடக்கை அட்டவணையோடு உட்கார்ந்திருக்கும்போது இதன் அருமை தெரியும்.

பயிற்சிக்கு வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். அயர்ன் பாக்ஸ் 750 வாட், நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், ஆகவே சுமார் 3.3 ஆம்பியர். 2000 வாட் கீசருக்கு 8.7. கீசரை ஏன் அந்தச் சின்ன 5 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது என்று அம்மா கேட்டபோது, முதன்முறையாக இந்தப் பாடத்திலிருந்து பதில் சொன்னேன்.