முதலில் சொல்லியிருக்க வேண்டுமா?

"இதை முதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி, இல்லேன்னா சொல்லியே இருக்கக் கூடாது."

மியூசியத்தில் கைடாக நான் கூட்டிப்போன குழுவில் வந்த ஒரு பெரியவர் சொன்னது. மில்லில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கோபப்பட்டிருந்தால்கூட மறந்திருப்பேன், சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில், டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1634-இல் வரைந்த மார்ட்டன் சோல்மான்ஸ் என்ற பணக்கார இளைஞனின் படத்தைப் பற்றிச் சொல்ல நான் வைத்திருக்கும் வரிசை இதுதான். ஆளுயரப் படம், பக்கத்தில் இன்னொரு படத்தில் மனைவி ஓப்யன். பையனுக்கு இருபது, இருபத்தொன்றுதான் இருக்கும், லெய்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவன். வெறும் கறுப்பு உடைதானே என்று தள்ளிவிடாதீர்கள், எத்தனை விதமான கறுப்பு பாருங்கள் என்பேன். அப்புறம் லேஸ் காலர், ஷூவின் மேல் காலிஃப்ளவர் சைஸில் ஒரு முடிச்சு. ஷூவைப் பார்த்ததும் எல்லோரும் சிரிப்பார்கள், அந்த நேரத்தில் விலையைச் சொல்வேன்: 2016-இல் பிரான்ஸும் நெதர்லாந்தும் பாதிப் பாதி போட்டு ஜோடியாக வாங்கின, 16 கோடி யூரோ, இரண்டும் சேர்ந்தேதான் பாரிசுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் மாறி மாறிப் போகும். உடனே செல்போன்கள் வெளியே வரும்.

அன்றும் வந்தன. பெரியவர் மட்டும், "இந்த வயசுல அவனுக்கு ஏது இவ்வளவு காசு?" என்றார்.

சொன்னேன். அப்பா ஆண்ட்வெர்ப்பில் இருந்து வந்து ஆம்ஸ்டர்டாமில் சர்க்கரை ஆலை நடத்தியவர், கச்சாச் சர்க்கரை பிரேசிலில் இருந்து வந்தது, அங்கே கரும்பு வெட்டியதும் சாறு காய்ச்சியதும் ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். மார்ட்டன் 1641-இல் செத்த பிறகு ஓப்யன் கட்டிக்கொண்டவரும் பிரேசிலில் சிப்பாயாக இருந்தவர்தான். 2021-இல் இதே மியூசியம் அடிமைமுறை பற்றி வைத்த கண்காட்சியில் இந்த ஜோடியும் இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கையை இறக்கிவிட்டார். அப்போதுதான் பெரியவர் அப்படிச் சொன்னார்.

கேட்டதால்தானே சொன்னேன்? மறைக்கவில்லையே? படத்தைப் படமாகப் பார்க்க நேரம் கொடுத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் என்ன தப்பு, முதலிலேயே அடிமை என்று ஆரம்பித்தால் அந்தக் கறுப்பை யார் பார்க்கப்போகிறார்கள் என்றெல்லாம் எனக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அவர் கேட்டிருக்காவிட்டால்? விலையோடு முடித்துக்கொண்டு ரெம்பிராண்டின் புகழ்பெற்ற 'நைட் வாட்ச்' படத்தின் பக்கம் கூட்டிப்போயிருப்பேன், பல குழுக்களை அப்படித்தான் கூட்டிப்போயிருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லத் தயக்கம்தான்: சர்க்கரைக் கதையைக் கடைசியில் சொன்னால் கூட்டம் சட்டென்று அமைதியாகும், அந்த அமைதி ஒரு கைடுக்குப் பிடிக்கும். ஷூவுக்குச் சிரிக்க வைத்தவனும் நான்தானே.

அப்புறம் ஒரு குழுவுக்குச் சர்க்கரையில் இருந்தே தொடங்கிப் பார்த்தேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள், படத்தை ஒருவரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அப்போ நான் செய்ததுதான் சரி என்று தோன்றியது. பெரியவர் அங்கே இருந்திருந்தால், பார்க்காவிட்டால் என்ன தம்பி, என்று கேட்டிருப்பாரோ என்றும் தோன்றியது.

இப்போது பழைய வரிசைக்கே வந்துவிட்டேன், விலையை மட்டும் எடுத்துவிட்டேன். ஏன் விலையை எடுத்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விலையையும் யாராவது கேட்டுவிடுகிறார்கள், சொல்லிவிடுகிறேன்.