இரண்டாவது கம்பி

நான் சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறவன். வார நாட்களில் வீல் அலைன்மென்ட், தேய்ந்த ரப்பர் புஷ், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர் என்று போகும். அதோடு ஆட்டோகிராஸ் ஓட்டுகிறவர்களின் கார்களும் வரும். பரந்த காலித் தளத்தில் கோன்களை வைத்துப் பாதை போட்டு நேரம் பார்த்து ஓட்டுகிற போட்டி அது, பக்கத்தில் முட்டி மோத இன்னொரு கார் இருக்காது, ஒரு கோனைத் தட்டினால் 2 வினாடி கூடும். அமெரிக்காவில் எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) இதை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது, தேசியப் போட்டி நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் நடக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டாக் வகுப்பு, கம்பெனியிலிருந்து வந்தபடியே பெரும்பாலும் இருக்கும் கார்களுக்கானது. 2014-லேயே அதன் பெயரை ஸ்ட்ரீட் என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் ஸ்டாக்தான் வருகிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போகிற அதே காரை ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாம் என்பதுதான் அதன் அழகு. விதிப்புத்தகத்தைப் படிக்கும்போது மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. "இதைத் தடுக்கவில்லையே" என்று யோசிக்கவே கூடாது, "இதற்கு அனுமதி எழுதியிருக்கிறதா" என்றுதான் தேட வேண்டும். எழுதவில்லை என்றால் கிடையாது, அவ்வளவுதான்.

ஸ்பிரிங்கைத் தொட முடியாது. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் புஷ்ஷைக் கெட்டியானதாக மாற்ற முடியாது. ஷாக் அப்சார்பர் எந்த நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம், ஆனால் பழைய இடத்திலேயே மாட்ட வேண்டும், வெளியே திருகும் அட்ஜஸ்ட்மென்ட் இரண்டுக்கு மேல் கூடாது, முழுதாக நீட்டினால் நீளம் ஒரிஜினலை விட 25.4 மில்லிமீட்டருக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, ஸ்பிரிங் உட்காரும் தட்டும் பழைய உயரத்தில்தான் இருக்க வேண்டும். காரைக் கீழே இறக்க வழியே இல்லை. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சில ஷாக்குகளில் உள்ளே கேஸ் அழுத்தம் அதிகம். 14 மில்லிமீட்டர் தண்டும் 20 பார் அழுத்தமும் என்றால் ஒவ்வொரு மூலையிலும் சுமார் 30 கிலோ எடைக்குச் சமமான விசை காரை மேலே தள்ளும். ஸ்பிரிங்கை மாற்ற முடியாத வகுப்பில் அந்தச் சில மில்லிமீட்டர் உயரமே பெரிய விஷயம்.

அப்புறம் ஸ்வே பார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கார் வளைவில் சாய்வதை முறுக்கிப் பிடிக்கிற கம்பி. பழைய ஸ்டாக் விதியில் முன்பக்கத்தை மட்டும்தான் மாற்றலாம். ஸ்ட்ரீட் ஆன பிறகு முன்னோ பின்னோ, ஏதாவது ஒன்று. இரண்டும் கூடாது.

அந்த 'ஒன்று'தான் என்னைப் பிடித்தது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், முன்சக்கர இயக்கக் கார் ஒன்று வந்தது. ஓட்டுகிறவர் அதை இன்னொருவரிடமிருந்து வாங்கியிருந்தார். வளைவில் மூக்கு வெளியே ஓடுகிறது, பின்பக்கம் கெட்டியான ஸ்வே பார் போட வேண்டும் என்றார். சரியான யோசனைதான். பின்பக்கம் கெட்டியானால் கார் சுலபமாகத் திரும்பும், உள்பக்க முன்சக்கரமும் வெறுமனே சுற்றாது. போட்டுக் கொடுத்தேன். முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தேன், கறுப்புப் பெயின்ட், மேலே சேறு, ஒரிஜினல் போலத்தான் இருந்தது. அளக்கவில்லை.

அடுத்த போட்டியில் நல்ல இடம் பிடித்தார். அன்றே இன்னொரு போட்டியாளர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். முன் கம்பியை அளந்தால் 27 மில்லிமீட்டர், கம்பெனி கொடுத்தது 24. முந்தைய உரிமையாளர் எப்போதோ மாற்றியிருக்கிறார். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காவது அடுக்கில் ஏறும், 27-ஐ 24-ஆல் வகுத்து வரும் எண்ணை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 1.6, அதாவது அறுபது சதவீதம் கூடுதல். நான் போட்ட பின்பக்கக் கம்பியோடு சேர்த்து இரண்டு மாற்றம். அவருடைய நேரங்கள் எல்லாம் நீக்கப்பட்டன.

அவர் வந்து சத்தம் போடவில்லை. ஆட்சேபக் காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார். அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. விதி தெரியாத வாடிக்கையாளர் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் விதி தெரிந்த ஆள் என்று நம்பித்தானே என்னிடம் வந்தார்.

இன்றைக்கு யார் வந்தாலும் முதலில் லிஃப்டில் ஏற்றி, துணியால் சேற்றைத் துடைத்து, வெர்னியர் காலிப்பரில் இரண்டு கம்பியையும் அளந்து எழுதிவிட்டுத்தான் பேச்சு. கேம்பரிலும், அதாவது சக்கரம் உள்ளே வெளியே சாய்ந்து நிற்கும் கோணத்திலும், அதே கதைதான். ஷாக் அப்சார்பர் அடங்கிய ஸ்ட்ரட்டைச் சக்கரத்தின் ஹப்போடு பிணைக்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, சக்கரத்தின் மேல்பகுதியை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்கினால், துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலேயே கொஞ்சம் கேம்பர் கிடைக்கும். தயாரிப்பில் இயல்பாக இருக்கும் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள விதி இடம் தருகிறது. அதே துளையில் அரத்தை ஓட்டினால் அது மாற்றம். இடது -1.1 டிகிரி, வலது -0.8 டிகிரி என்று நிற்கும்போது "கொஞ்சம் தேய்த்துவிடுங்களேன்" என்று கேட்பவர்கள் உண்டு. இடதை -0.8-க்குத் திருப்பி இரண்டையும் சமமாக்கிக் கொடுக்கிறேன், அரத்தை எடுப்பதில்லை.

அந்தக் காருக்கு 24 மில்லிமீட்டர் ஒரிஜினல் கம்பியைத் தேடி வாங்கினேன். முன் சப்ஃபிரேமை இறக்கினால்தான் கழற்ற முடியும், ஒரு மதியம் முழுக்கப் போனது, கூலி வாங்கவில்லை. அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் நின்று போல்ட்டுகளை வரிசையாக எடுத்துக் கொடுத்தார். கடைசி போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கியதும் வெர்னியரை அவர் கையிலேயே கொடுத்தேன். காரின் அடியில் குனிந்து, கம்பியில் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இருபத்து நான்கு" என்றார்.