பல்லு எண்ணிப் பாத்தப்போ

பொண்ணுக்கு பல்லு தேய்ச்சு விடும்போது சும்மா எண்ணினேன், கீழ முன்பல்லு ஒண்ணு குறையுது. அப்புறம் உத்துப் பாத்தா ரெண்டு பல்லு ஒட்டி ஒரே அகலப் பல்லா இருக்கு! பயந்துபோய் பல் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினா அவங்க கூலா சிரிக்கிறாங்க, பால் பல்லுல நூத்துல ஒரு குழந்தைக்கு இப்படி ஒட்டியோ இரட்டையாவோ வரலாமாம்.

நிரந்தரப் பல்லுல கதை இன்னும் பெருசு. ஞானப்பல்ல விட்டுட்டுப் பாத்தாலே நூத்துல சுமார் 6 பேருக்கு ஒரு பல்லாவது உருவாகவே உருவாகாதாம், அதுல அதிகமா காணாம போறது கீழ ரெண்டாவது முன்கடைவாய்ப்பல்லு, மேல நடு முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லு. எக்ஸ்ட்ரா பல்லு வர்றது 1லேந்து 3 சதவீதம் பேருக்கு, ஆம்பளப் பசங்களுக்குத்தான் ஜாஸ்தி, பெரும்பாலும் மேல நடு முன்பல்லுங்க நடுவுல ஆணி மாதிரி முளைக்கும் (சிலது வெளியவே வராம உள்ள ஒளிஞ்சிருந்து பக்கத்துப் பல்ல வரவிடாம தடுக்குமாம், வில்லன்தான்).

பால் பல்லு ஒட்டியிருந்தா அடியில நிரந்தரப் பல்லு ஒண்ணு இல்லாம போக சான்ஸ் இருக்காம். அதனால 6, 7 வயசுல ஒரு எக்ஸ்ரே எடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அவளோ கண்ணாடில பாத்து "எனக்கு மட்டும் பெரிய பல்லு"ன்னு பெருமையடிச்சிட்டு இருக்கா.